தொட்டது ஒன்று, பட்டது வேறொன்று

ஆண்ட்ராய்டு 6 வந்த புதிதில் போன் வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு ஆப் கேமராவுக்கு அனுமதி கேட்கும். 'அலவ்' என்று அழுத்தினால் காரியம் நடக்காது. 'ஸ்கிரீன் ஓவர்லே டிடெக்டெட்', அதாவது திரைக்கு மேல் வேறொரு ஆப் எதையோ விரித்திருக்கிறது என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும். யார் போட்ட ஓவர்லே என்று அது சொல்லாது. செட்டிங்ஸுக்குள் போய், பட்டியலில் உள்ள ஆப்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதுதான். பெரும்பாலும் அரட்டை ஆப்பின் மிதக்கும் வட்டமோ, ராத்திரியில் கண் கூசாமலிருக்கப் போட்ட நீல ஒளி வடிகட்டியோ காரணமாக இருக்கும். எல்லோரும் திட்டிய அந்தப் பெட்டியின் பின்னால் நியாயமான ஒரு பயம் இருந்தது. கண்ணுக்குத் தெரிவது ஒரு பொத்தான், விரல் போய்ச் சேருவது வேறொரு பொத்தான் என்றால், அழுத்திய 'அலவ்'வுக்கு அர்த்தமே கிடையாது. இந்த ஏமாற்று வேலையிலிருந்து தங்கள் ஆப்பை எப்படிக் காப்பது என்று, ஆப் எழுதும் டெவலப்பர்களுக்காக எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டில் திரை என்பது ஒரே தாள் இல்லை. ஸ்டேட்டஸ் பார், கீபோர்டு, ஆப்பின் பக்கம், அதன் மேல் எழும் டயலாக் எல்லாம் தனித்தனி விண்டோக்கள். விண்டோ மேனேஜர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. 'சிஸ்டம் அலர்ட் விண்டோ' என்ற அனுமதி கையிலிருக்கும் ஆப், மற்ற ஆப்களின் பக்கத்துக்கு மேலே தன் விண்டோவைப் பரப்பலாம். அதைக் கண்ணாடி மாதிரி ஒளி புகும்படி வைக்கலாம். தொடுதலைத் தான் வாங்காமல் கீழே விடும்படி, 'நாட் டச்சபிள்' என்ற ஃபிளாக்கோடும் (அடையாளக் குறி) வைக்கலாம். மிதக்கும் வட்டத்தில் அரட்டை அடித்துக்கொண்டே மேப் பார்ப்பதற்கும், அழைப்பது யார் என்று மிதக்கும் பெட்டியில் காட்டுவதற்கும் இந்த வசதிதான் உதவுகிறது. திருட்டுக்கும் இதே வசதிதான்.

ஆண்ட்ராய்டு 6க்கு முன்பு, இந்த அனுமதி மற்ற அனுமதிகளோடு சேர்ந்து இன்ஸ்டால் செய்யும்போதே கிடைத்துவிடும். 6இல் அதைத் தனியே செட்டிங்ஸுக்குள் கொண்டுபோனார்கள். ஆனால் பிளே ஸ்டோரிலிருந்து வரும் ஆப் கேட்டால் கேள்வியின்றித் தரப்பட்டது. அந்த ஓட்டையோடு ஆக்ஸசிபிலிட்டி அனுமதியையும் (ஊனமுற்றோருக்கு உதவும் ஆப்கள் திரையைப் படிக்கவும் இயக்கவும் தரப்படுவது) சேர்த்தால் போனையே கைப்பற்றலாம் என்று ஜார்ஜியா டெக், சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 'க்ளோக் அண்ட் டேகர்' என்ற பெயரில் காட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அடைக்கப்பட்ட சிவிஇ-2017-0752 என்ற பதிவெண் கொண்ட ஓட்டையில் அனுமதிகூடத் தேவையில்லை. சில நொடி தோன்றி மறையும் 'டோஸ்ட்' செய்தியையே முழுத்திரை முகமூடியாக்க முடிந்தது. ஆண்ட்ராய்டு 8 ஓவர்லேக்கென்று தனி விண்டோ ரகம் வைத்து, அதை ஸ்டேட்டஸ் பாருக்கும் கீபோர்டுக்கும் கீழே இறக்கியது.

ஐபோன்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் மேல் வரைவதற்கு ஐஓஎஸ் வழியே வைக்கவில்லை.

ஒரே பெயரில் இரண்டு திருட்டு

ஓவர்லே தாக்குதல் என்று பேசும்போது இரண்டு வேறு காரியங்களை ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

ஒன்று டேப்ஜாக்கிங். மேலே பொய்ப் படம், கீழே உங்கள் ஆப். பயனர் 'பரிசைத் திற' என்று நினைத்து அழுத்துகிறார். அந்தத் தொடுதல் படத்தைத் துளைத்துக்கொண்டு போய் உங்கள் ஆப்பின் 'உறுதி செய்' பொத்தானில் விழுகிறது. இன்னொன்று போலிப் பக்கம். வங்கி ஆப்பைத் திறந்ததும் அதன் லோகோவோடு அச்சு அசலாக ஒரு லாகின் பக்கம் மேலே எழுகிறது. பயனர் அதில் பாஸ்வேர்டைத் தட்டிவிடுகிறார்.

முதலாவதில் உங்கள் ஆப்புக்கு வரக்கூடாத தொடுதல் வருகிறது. இரண்டாவதில் வரவேண்டிய தொடுதல் வருவதே இல்லை. பூட்டும் வேறு, சாவியும் வேறு. பல பாதுகாப்புச் சோதனை அறிக்கைகள் 'ஓவர்லே தடுப்பு இல்லை, ஃபில்டர் டச்சஸ் சேர்க்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். டெவலப்பரும் ஒரு வரி சேர்த்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். போலிப் பக்கத் திருட்டுக்கு அந்த வரியால் எள்ளளவும் பயனில்லை.

தொடுதலை வடிகட்டுவது

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். 'ஃபில்டர் டச்சஸ் வென் அப்ஸ்க்யூர்ட்' என்ற பண்பு ஆண்ட்ராய்டு 2.3 முதலே இருக்கிறது. விரல் பட்ட புள்ளிக்கு மேல் வேறு ஆப்பின் விண்டோ இருந்தால், சிஸ்டம் அந்தத் தொடுதலோடு 'விண்டோ இஸ் அப்ஸ்க்யூர்ட்' என்ற ஃபிளாக்கைச் சேர்த்து அனுப்பும். பண்பை இயக்கிய வியூ (திரையில் வரையப்படும் ஒரு பகுதி), ஃபிளாக் உள்ள தொடுதலைக் கீழே போட்டுவிடும். பக்கத்தின் வேர் வியூவில் வைத்தால் உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காவல். ஒவ்வொரு பொத்தானிலும் எழுத வேண்டியதில்லை. ஆப்பை எழுதிய கருவி ஜெட்பேக் கம்போஸ், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் எதுவானாலும் அடியில் ஒரு ஆண்ட்ராய்டு வியூதான் திரையைத் தாங்குகிறது. அங்கே வைத்தால் போதும்.

தவறுவது இரண்டு இடத்தில். டயலாக், பாட்டம் ஷீட் (அடியிலிருந்து எழும் பலகை), பாப்அப் ஆகியவை தனி விண்டோக்கள். ஆக்டிவிட்டியின் (ஆப்பின் ஒரு பக்கம்) வேரில் வைத்த பண்பு அங்கே எட்டாது. பணம் அனுப்பும் ஆப்களில் 'உறுதி செய்' பொத்தான் இருப்பது பெரும்பாலும் பாட்டம் ஷீட்டில்தான். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை இது. இரண்டாவது, வடிகட்டல் சத்தமில்லாமல் நடக்கிறது. நீல ஒளி வடிகட்டி போட்டிருக்கும் பயனர் பத்து முறை அழுத்துவார், ஒன்றும் ஆகாது, ஆப் கெட்டுவிட்டது என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே 'ஆன் ஃபில்டர் டச் ஈவென்ட் ஃபார் செக்யூரிட்டி' என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து, தொடுதலைத் தள்ளும்போதே காரணத்தையும் திரையில் காட்டுங்கள்: 'இந்தத் திரைக்கு மேல் வேறொரு ஆப் காட்டிக்கொண்டிருக்கிறது. அதை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.'

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பணம் அனுப்பும் பக்கத்தை மனதில் கொண்டுவாருங்கள். மேல்பாதியில் பெறுபவர் பெயர், ₹49,000 என்ற தொகை. கீழே 'உறுதி செய்'. தாக்குபவர் பொத்தானைத் தொடவே மாட்டார். மேல்பாதியை மட்டும் மறைத்து, 'உங்கள் கேஒய்சி விவரம் சரிபார்க்கப்பட்டது, தொடர உறுதி செய்யவும்' என்று எழுதிவைப்பார். பயனர் அழுத்துவது உங்கள் அசல் பொத்தானை. அந்தப் புள்ளிக்கு மேல் எதுவும் இல்லை. எனவே மேற்சொன்ன ஃபிளாக் எழாது, வடிகட்டியும் வாயைத் திறக்காது. இதற்கென இருப்பது 'விண்டோ இஸ் பார்ஷியலி அப்ஸ்க்யூர்ட்' என்ற இன்னொரு ஃபிளாக்; மதிப்பு 2, முந்தையதன் மதிப்பு 1. ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மேலே சொன்ன பண்பு இதைக் கண்டுகொள்வதில்லை. அதே மெத்தடில் நீங்களே சோதித்துத் தள்ள வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் இதை வைத்தால் தொல்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் மிதந்தாலும் இந்த ஃபிளாக் எழுந்துவிடும். பின் நம்பர், தொகை உறுதி, புதுப் பயனாளி சேர்ப்பு, வரம்பு உயர்த்தல், புது போன் பதிவு, கைரேகை இயக்குதல்: இந்தப் பக்கங்களில் மட்டும் கடுமையாக இருந்தால் போதும். இருப்புத் தொகை பார்க்க வந்தவரிடம் கெடுபிடி வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 12இல் சிஸ்டமே ஒரு படி இறங்கி வந்தது. வேறு ஆப்பின் ஓவர்லேயைத் துளைத்து வரும் தொடுதலை அது தானாகவே தடுக்கிறது. விலக்கு மூன்று பேருக்கு: நம்பகமான சிஸ்டம் விண்டோக்கள், முழுக்கக் கண்ணுக்குத் தெரியாதவை, ஒளிபுகாத்தன்மை 0.8ஐத் தாண்டாதவை (1 என்றால் முழு மறைப்பு). ஒரே ஆப் பல அடுக்கு போட்டு ஏமாற்ற முடியாதபடி கூட்டுக் கணக்கும் உண்டு. 0.5 அளவில் இரண்டு அடுக்கு போட்டால் மொத்தம் 0.75, தொடுதல் போகும். மூன்று போட்டால் 0.875, போகாது. 0.8 கொஞ்சம் தாராளம் என்பது என் எண்ணம். அந்த அளவு மறைப்பில் அடியிலுள்ள எழுத்து மங்கலாகத்தான் தெரியும். வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்ப்பவருக்கு அதுவும் தெரியாது. மேல்பாதி மட்டும் மறைக்கும் தந்திரத்தையும் இது தடுக்காது, ஏனென்றால் அங்கே தொடுதல் எதையும் துளைப்பதில்லை.

அதே 12இல் (டெவலப்பர் கணக்கில் ஏபிஐ 31) வந்த இன்னொன்று இதைவிட உபயோகமானது. செட்டிங்ஸ், அனுமதிப் பெட்டி போன்ற சிஸ்டம் பக்கங்கள் தங்கள் மேல் எந்த ஓவர்லேயும் தெரியாதபடி பார்த்துக்கொள்ளும் சலுகையை முன்பே வைத்திருந்தன. இப்போது அது எல்லோருக்கும் கிடைக்கிறது. மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பு) 'ஹைட் ஓவர்லே விண்டோஸ்' அனுமதியை எழுதுங்கள். சாதாரண அனுமதிதான், பயனரிடம் கேட்க வேண்டியதில்லை. முக்கியமான பக்கத்தின் விண்டோவில் 'செட் ஹைட் ஓவர்லே விண்டோஸ்' மெத்தடை ட்ரூ என்று அழையுங்கள். அந்தப் பக்கம் திரையில் இருக்கும்வரை மற்ற ஆப்களின் ஓவர்லே மறைந்துவிடும். விலகியதும் திரும்பி வரும். மிதக்கும் அழைப்புப் பெட்டியும் சற்று நேரம் காணாமல் போகும், பரவாயில்லை. நீங்கள் ஆதரிக்கும் குறைந்தபட்ச ஏபிஐ எண் 31க்குக் கீழே என்றால், பழைய போன்களில் மேற்சொன்ன இரண்டு ஃபிளாக்குகள்தான் கதி.

ஓவர்லே அனுமதியே இல்லாமலும் டேப்ஜாக்கிங் நடக்கும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட 'டேப்ட்ராப்', ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது வரும் அனிமேஷனைப் பயன்படுத்துகிறது. கெட்ட ஆப் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலான, மிக மெதுவான அனிமேஷனைத் தருகிறது. பயனர் இன்னும் பழைய பக்கத்தில் இருப்பதாக நினைப்பார். தொடுதலை வாங்குவது உங்கள் பக்கம். இங்கே மேலே விண்டோவே கிடையாது, எனவே எந்த ஃபிளாக்கும் உதவாது. 'ஆன் என்டர் அனிமேஷன் கம்ப்ளீட்' அழைப்பு வரும்வரை முக்கியமான பக்கத்தில் தொடுதலை ஏற்காமல் இருப்பது ஒரு வழி. வெளியிலிருந்து திறக்கத் தேவையில்லாத ஆக்டிவிட்டிகளை 'எக்ஸ்போர்டட் ஃபால்ஸ்' என்று மூடி வைப்பது அதைவிட எளிய வழி.

போலிப் பக்கம்

இதுதான் பணம் பறிக்கும் முறை. 2013இல் ரஷ்யாவில் திரிந்த, நல்ல ஆப் போல வேடமிடும் 'ஸ்வ்பெங்' ட்ரோஜன், பிளே ஸ்டோரைத் திறந்தால் மேலே ஒரு பெட்டியைப் போட்டு கார்டு நம்பர் கேட்டது. வருமான வரித் துறையின் பெயரில் வந்த 'டிரினிக்' பற்றி 2021இலும், ஓவர்லே போடும் 'சோவா' பற்றி 2022இலும் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது.

நடக்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வாட்ஸ்ஆப்பில் போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று ஏதோ ஒரு பெயரில் ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) வருகிறது. இன்ஸ்டால் ஆனதும் ஆக்ஸசிபிலிட்டி அனுமதி கேட்டு நச்சரிக்கிறது. கிடைத்துவிட்டால், திரையில் எந்த ஆப் வந்தாலும் அதன் பேக்கேஜ் பெயர் 'விண்டோ ஸ்டேட் சேஞ்ச்டு' நிகழ்வோடு அதன் கைக்கு வந்துவிடும். தன் பட்டியலில் அந்த வங்கி இருந்தால், சர்வரிலிருந்து இறக்கி வைத்த ஹெச்டிஎம்எல் பக்கத்தை ஒரு வெப்வியூவில் (ஆப்புக்குள் இணையப் பக்கம் காட்டும் பெட்டி) போட்டு மேலே விரிக்கிறது. லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் அசலிலிருந்து எடுத்தவை. பயனர் தட்டி முடித்ததும் போலி விலகும், அடியில் அசல் ஆப் காத்திருக்கும். லாகின் சரியாக விழவில்லை போல என்று நினைத்து அவர் இன்னொரு தடவை தட்டுவார். பல பேருக்குக் கடைசிவரை சந்தேகமே வராது.

இங்கே 'ஹைட் ஓவர்லே' பாதிக் காவல்தான். சாதாரண ஓவர்லேயை அது விரட்டும். ஆக்ஸசிபிலிட்டி சர்வீஸ் தனக்கென்று போடும் விண்டோ ரகத்தை விரட்டாது, ஏனென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் கருவிகளும் அதே ரகத்தில்தான் நிற்கின்றன. விண்டோவே வேண்டாம் என்று கெட்ட ஆப் ஒரு முழு ஆக்டிவிட்டியை எழுப்பினாலும் விரட்டாது. ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணியில் இருக்கும் ஆப் தானாகப் பக்கம் திறக்கத் தடை உண்டு. அந்தத் தடைக்கான விலக்குப் பட்டியலில் யார் இருக்கிறார் என்றால், 'சிஸ்டம் அலர்ட் விண்டோ' அனுமதி பெற்ற ஆப். கேட்டால் சிரிப்புத்தான் வரும். இதன் பங்காளி, உங்கள் ஆப்பின் டாஸ்க்குக்குள்ளேயே (பக்கங்களின் அடுக்கு) புகுந்து உட்காரும் 'ஸ்ட்ராண்ட்ஹாக்'. 2019 டிசம்பரில் ப்ரோமோன் நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. பழைய ஆண்ட்ராய்டையும் ஆதரிக்கிறீர்கள் என்றால், மேனிஃபெஸ்டில் 'டாஸ்க் அஃபினிட்டி'யைக் காலியாக விட்டு அந்த வழியை அடையுங்கள்.

அடிக்கடி காணும் இரண்டு குழப்பங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஃபிளாக் செக்யூர்' ஸ்கிரீன்ஷாட்டையும் திரைப் பதிவையும் தடுக்கும், ஓவர்லேயைத் தடுக்காது. 'கேன் டிரா ஓவர்லேஸ்' என்ற மெத்தட் உங்கள் ஆப்புக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். வேறு யாரும் மேலே வரைகிறார்களா என்று சொல்லாது. இரண்டாவதை ஓவர்லே கண்டுபிடிப்பான் என்று நம்பி எழுதிய கோடு ஏராளமாக உலவுகிறது. அது எப்போதும் 'எல்லாம் சுகமே' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. இன்றைய ட்ரோஜன்கள் பாஸ்வேர்டைத் திருடி வேறு போனில் போடுவதோடு நிற்பதில்லை. அதே போனில், அசல் ஆப்பிலேயே வேலையை முடிக்கின்றன. மேலே 'சிஸ்டம் அப்டேட் ஆகிறது, போனைத் தொட வேண்டாம்' என்று கறுப்புத் திரை. கீழே ஆக்ஸசிபிலிட்டி வழியாகப் பொத்தான்கள் அழுத்தப்படுகின்றன. இந்த அழுத்தல், விரல் தொடுதல் வரும் பாதையில் வருவதில்லை. நேராக வியூவிடம் 'க்ளிக் ஆகு' என்று சொல்லப்படுகிறது. எனவே மறைப்பு ஃபிளாக் எதுவும் ஒட்டியிருக்காது. ஆண்ட்ராய்டு 14 இதற்கு 'ஆக்ஸசிபிலிட்டி டேட்டா சென்சிட்டிவ்' என்ற பண்பைக் கொண்டுவந்தது. அதை 'யெஸ்' என்று வைத்த வியூவை, தன்னை ஊனமுற்றோருக்கான கருவி என்று அறிவித்துக்கொண்ட சர்வீஸ் மட்டுமே பார்க்கவும் அழுத்தவும் முடியும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் வழக்கம்போல வேலை செய்யும். 'ஃபில்டர் டச்சஸ்' இயக்கிய வியூவுக்கு இந்தக் காவல் 14இல் தானாகவே கிடைக்கிறது. பழைய அந்த ஒரு வரிக்கு இப்போது கூடுதல் கூலி. ஆனால் 'நான் கருவி' என்ற அறிவிப்பு ஆப் தானே எழுதிக்கொள்வது. பிளே ஸ்டோரில் அதைச் சோதிப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகேயை யாரும் சோதிப்பதில்லை.

ஆகவே, போனுக்குள் என்ன செய்தாலும் கடைசிக் கோட்டை சர்வரில்தான். புது போன் பதிவின்போது ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் (சாவிகளைக் காக்கும் பெட்டகம்) ஒரு சாவி ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். அந்தச் சாவி கைரேகை பதித்தால் மட்டுமே கையெழுத்துப் போடும்படி வையுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பெறுபவர், தொகை, ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு எண் மூன்றையும் சேர்த்துக் கையெழுத்து கேளுங்கள். அப்போது போலிப் பக்கத்தில் சிக்கிய பாஸ்வேர்டு வேறு போனில் செல்லாக்காசு. கைரேகை வெற்றி என்று ஆப்புக்குள் ஒரு ட்ரூ வாங்கிக்கொண்டு திருப்திப்படும் ஆப்களில் இந்தக் காவல் கிடையாது. கைரேகைப் பெட்டியோடு அந்தச் சாவியைத் தாங்கிய கிரிப்டோ ஆப்ஜெக்டைக் கட்டாயம் இணைக்க வேண்டும்.

கூகுளின் சோதனைச் சேவையான பிளே இன்டெக்ரிட்டியின் 'ஆப் ஆக்ஸஸ் ரிஸ்க்' தீர்ப்பையும் சர்வரில் வாங்கலாம். திரையைப் பிடிக்கும், மேலே வரையும், போனை இயக்கும் ஆப் ஏதும் ஓடுகிறதா என்று அது சொல்லும். பிளே ஸ்டோரிலிருந்தோ போனோடோ வந்தது 'நோன்' (தெரிந்தது) என்றும், மற்றது 'அன்நோன்' (தெரியாதது) என்றும் பிரியும். பிளே கன்சோலில் தனியாக இயக்கினால்தான் வரும். சுயமாகக் கெட்ட பேக்கேஜ் பெயர்களின் பட்டியல் வைத்துக்கொண்டு அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெயரை மாற்றிக்கொள்வது அவர்களுக்கு நிமிட வேலை.

கண்டுபிடித்த பிறகு

சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கி 2023 ஆகஸ்ட்டில் தன் ஆப்பை இறுக்கியது. அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து வந்து, ஆபத்தான அனுமதி வைத்திருக்கும் ஆப் போனில் இருந்தால் வங்கி ஆப் திறக்காது. திருட்டுக்கு அஞ்சியது சரி. ஆனால் வம்பில்லாத ஆப் வைத்திருந்தவர்களும் வெளியே நின்றார்கள், புகார்கள் கிளம்பின. கதவை ஒரேயடியாக அடைப்பதற்குப் பதில் படி படியாகப் போகலாம். 'நோன்' ஓவர்லே என்றால் அந்தப் பக்கத்தில் மறைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். 'அன்நோன்' ஓவர்லே என்றால் இருப்பு பார்க்க விடுங்கள், புதுப் பயனாளி சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். போனை இயக்கும் அடையாளம் தெரியாத ஆப் என்றால், பரிமாற்றத்தை நிறுத்தி, அந்த ஆப்பின் பெயரைப் பயனருக்குக் காட்டுங்கள். ஆண்ட்ராய்டு 6இன் அந்த 'ஓவர்லே டிடெக்டெட்' பெட்டி செய்யத் தவறியது இதுதான்.

சோதிக்க வெளி ஆப் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் நீங்களே ஒன்று எழுதிவிடலாம். அதில் நான்கு முறை இருக்கட்டும்: தொடுதல் வாங்காத முழு மறைப்பு, 0.79 மறைப்பு, பொத்தான் மட்டும் தெரியும் ஓட்டை மறைப்பு, தொடுதலைத் தானே வாங்கும் போலி லாகின். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் 'ஆப்ஆப்ஸ் செட்' கட்டளையால் அதற்கு ஓவர்லே அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டு 9, 11, 12, 14 என நான்கு போன் அல்லது எமுலேட்டர். 12இல் முழு மறைப்பைப் போட்டால் லாக்கேட்டில் (சிஸ்டத்தின் பதிவேடு) 'அன்ட்ரஸ்டட் டச் டியூ டு அக்லூஷன்' என்ற வரி, குற்றவாளியின் பேக்கேஜ் பெயரோடு வரும். வந்தால் அந்தத் தடை சிஸ்டத்தின் வேலை, உங்கள் கோடு இன்னும் சோதிக்கப்படவில்லை என்று பொருள். 0.79ஐப் போட்டால் சிஸ்டம் விட்டுவிடும், உங்கள் வடிகட்டி பிடிக்க வேண்டும். ஓட்டை மறைப்பை 11இல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆப்கள் விழுவது அங்கேதான். 'ஹைட் ஓவர்லே' இயக்கிய பக்கத்தில் 12இலும் அதற்கு மேலும் நான்குமே கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொன்றையும் ஆக்டிவிட்டியிலும் பாட்டம் ஷீட்டிலும் தனித்தனியே ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனை ஆப்பை நீக்கிவிட்டு, டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அது போய்ச் சேரவில்லை என்றால், அந்த வெளியீட்டை நிறுத்தி வையுங்கள்.